குளிர்காலம் இல்லாத ஊரில் இலையுதிர் போன்சாய்

தைப்பூசம் முடிந்த கையோடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டம் ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். காலடியில் சருகு சரசரக்கும். நிமிர்ந்தால் வெறும் கொம்புகளுக்கு இடையே வானம் தெரியும். சில வாரங்களில் அதே கொம்புகளில் செம்பு நிறத்தில் தளிர் விடும். இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இலையுதிர் மரம் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ரப்பர் இலை கொட்டுவது குளிருக்காக அல்ல, வறட்சிக்காக. அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் அது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் கன்றாக நட்ட காலத்திலிருந்து இந்த மண்ணில் அது பனியையே கண்டதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் மழை குறையும் மாதங்களில் இலையை உதறிவிட்டு ஓய்வெடுக்கிறது.

சாடிக்குள் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடமும் இதுதான். இலையுதிர் மரங்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று குளிரில் தூங்குவது, மற்றொன்று வறட்சியில் தூங்குவது. முதல் சாதியை நம் ஊரில் வைத்துக் காப்பாற்ற முடியாது. இரண்டாவது சாதி நம் வெயிலுக்கும் மழைக்கும் நன்றாகவே வளரும். ஆனால் இங்கே மழை முழுதாக நிற்பதே இல்லை என்பதால் அதற்கு வேண்டிய இலையுதிர்காலத்தை நம் கையால் உண்டாக்கித் தர வேண்டும்.

எந்த மரம் வாங்குவது

ஜப்பானிய மேப்பிள் வேண்டாம். படத்தில் செக்கச்செவேல் என்று இருக்கும், மனம் கேட்காது. இருந்தாலும் வேண்டாம். மேப்பிள் மொட்டுகள் பல வாரம் கடுங்குளிரில் கிடந்தால்தான் அடுத்த பருவத்துக்கு ஒழுங்காக விரியும். நம் தாழ்நிலத்தில் இரவில்கூட வெப்பம் 23 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. கேமரன் மலையிலும் இரவு 15 பாகை வாக்கில்தான் நிற்கும். அது குளிர்ச்சியே தவிர குளிர்காலம் ஆகாது. ஓய்வு கிடைக்காத மேப்பிள் சேமித்த சத்தையெல்லாம் செலவழித்து, ஒழுங்கில்லாமல் துளிர்த்து, ஓரிரு ஆண்டுகளில் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். இணையக் கடைகளில் விற்கும் நீல மேப்பிள் விதை வெறும் மோசடி. நீல இலை மேப்பிள் என்று உலகத்தில் எதுவும் இல்லை.

முதல் மரமாக வாங்க ஏற்றது மலாய்க்காரர்கள் அந்திங் புத்ரி என்று சொல்லும் செடி. சீனர்கள் வீட்டு வாசலிலும் நர்சரிகளிலும் அதிகம் பார்த்திருப்பீர்கள்: சிறிய இலை, மெல்லிய காம்பில் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூ, மாலையில் மெல்லிய வாசம். தமிழ்நாட்டுப் பக்கம் சித்த மருந்துக்குப் பயன்படுத்தும் வெப்பாலையும் இதுவும் ஒரே பேரினத்து மரங்கள். கிளையை ஒடித்தால் பால் வடியும். தென்கிழக்காசியாவையே சொந்த ஊராகக் கொண்டது. எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். இலையை உருவினால் பூக்கும். புதியவர் செய்யும் தவறுகளில் பாதியை இது தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது புளி. காசு செலவில்லை. சமையலுக்குக் கரைத்த புளியின் கொட்டையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து மண்ணில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். அடிமரம் சீக்கிரமே கிழட்டுத் தோற்றம் கொண்டுவிடும். சிறு சிறு ஈர்க்கு இலைகள் என்பதால் குட்டை மரத்துக்கும் அளவு பொருந்தும். புளியிலை இரவில் மூடிக்கொள்ளும். அது அதன் இயல்பு. அந்தியில் பார்த்து வாடிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி வேரை அழுக வைப்பவர்கள் உண்டு.

சீன எல்ம் மரமும் நம் ஊரில் பிழைக்கும். இங்கே அது முழுதாக இலை உதிர்க்காமல் பழைய இலையையும் புது இலையையும் சேர்த்தே வைத்திருக்கும், குறை ஒன்றுமில்லை. அரச மரத்தைக் கோயில் சுவரிலிருந்து பிடுங்கி வந்து முயல்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் இலையைச் சிறிதாக்குவது பெரும்பாடு. கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது பூவையோ இலையையோ பார்க்காதீர்கள். மேல் மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கி அடிமரம் மண்ணுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கே வேர்கள் நாலாபக்கமும் பரவியிருக்க வேண்டும். அடி தடித்து மேலே போகப் போக மெலிந்திருக்க வேண்டும். கிளையைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம். கம்பம்போல மேலும் கீழும் ஒரே பருமனாக இருக்கும் அடிமரத்தைத் திருத்த ஐந்தாறு ஆண்டு ஆகும். மரத்தை லேசாக அசைத்துப் பாருங்கள். சாடிக்குள் ஆடினால் நேற்றுத்தான் நட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இடம்

இந்த மரங்கள் வீட்டுக்குள் வாழாது. விருந்தாளி வரும் நாளில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஹாலில் வைக்கலாம். அதற்குமேல் வைத்தால் தளிர் வெளிறி நீளும்.

ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும்; காலை வெயிலாக இருந்தால் நல்லது. தோட்டத்து லயன் வீடோ பட்டணத்துத் தாமான் வீடோ, தகர வேலியும் சிமெண்டுத் தரையும் பிற்பகல் மூன்று மணிக்கு எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். நாலைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள சாடியில் இருக்கும் வேர் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். ஆகவே தரையில் வைக்காமல் 80 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து ஒரு மேடை போடுங்கள். காற்றோட்டமும் கிடைக்கும், கோழியும் கிளறாது. மேற்கு வெயில் மட்டுமே விழும் வீடானால் 30 விழுக்காடு நிழல் தரும் கறுப்பு வலை ஒன்றைப் பிற்பகலுக்கு இழுத்துவிடலாம்.

சாடிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்காதீர்கள். வேர் அழுகும் என்பது ஒரு காரணம். ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டு வளாகத்தைச் சோதித்துக் கொசுப்புழு இருந்தால் அபராதம் போடலாம். பூச்சாடித் தட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார்கள்.

தண்ணீர்

போன்சாய் செத்தால் பத்தில் எட்டு முறை காரணம் தண்ணீராகத்தான் இருக்கும். குறைந்ததால் சாவதும் உண்டு, கூடியதால் சாவதும் உண்டு. ‘காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை’ என்று கணக்கு வைத்து ஊற்றுவதுதான் இரண்டுக்கும் மூலம். கணக்கை மரம்தான் சொல்ல வேண்டும்.

கறித்துண்டு கோத்துச் சுடும் சாத்தே மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, அடிமரத்துக்கும் சாடி விளிம்புக்கும் நடுவில் 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து உருவிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் இப்போது வேண்டாம். லேசான குளிர்ச்சி மட்டும் இருந்தால் ஊற்றலாம். குச்சி காய்ந்தே வந்தால் ஏற்கெனவே தாமதம். ஒரு மாதம் இப்படிச் செய்தால் சாடியைத் தூக்கும்போது தெரியும் கனத்திலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். பிறகு குச்சி தேவைப்படாது.

ஊற்றும்போது பூவாளியால் மண் முழுக்க நனைய, அடித்துளை வழியே ஒழுகும்வரை ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. முதல் தடவை ஊற்றுவது காய்ந்த மண்ணை இளக்கும், இரண்டாவது தடவைதான் உள்ளே இறங்கும். மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் மேல்வேர் மட்டும் நனைந்து அடிவேர் காயும். இலை விளிம்பு பழுப்பாகக் கருகுவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரியவரும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் ஆழமில்லாத சாடிக்கு ஒரு நாளில் இரண்டு முறைகூடத் தேவைப்படும்.

மழையை நம்பவும் கூடாது, மறக்கவும் கூடாது. பத்து நிமிடத் தூறலில் இலைக்கூட்டம் குடைபோல மறைத்துக்கொள்ளும், மண் நனைந்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் இடியோடு கொட்டும் மழை வேறு ரகம். அந்த வாரங்களில் சாடியின் ஒரு பக்கத்துக்கு அடியில் 3 சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வையுங்கள். தட்டையாக இருக்கும்போது அடியில் தேங்கி நிற்கும் நீர் சாய்வில் வடிந்துவிடும். காசில்லாத வைத்தியம் இது. மழைக்காலத்தில் பல மரங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

மண்ணும் சாடி மாற்றுதலும்

தோட்டத்துச் செம்மண்ணைத் தோண்டி அப்படியே போடாதீர்கள். தரையில் நன்றாக இருக்கும் மண் ஆழமில்லாத சாடிக்குள் நான்கு மழையில் களிபோல இறுகிவிடும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காற்று.

ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண் விலை அதிகம். அதோடு நம் மழையில் சீக்கிரம் கரைந்து தூளாகும். இங்கே கிடைப்பதை வைத்தே நல்ல கலவை செய்யலாம்: உடைத்த செங்கல் இரண்டு பங்கு, பெருமணல் இரண்டு பங்கு, மட்கிய இலை உரம் அல்லது ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார் ஒரு பங்கு. செங்கல்லையும் மணலையும் சலித்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள மணிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய தூளைக் கொட்டிவிட வேண்டும். ஆசைப்பட்டு வைத்தால் அதுதான் துளையை அடைக்கும். செங்கல்லில் சிமெண்டு ஒட்டியிருந்தால் செதுக்கி எறியுங்கள். அதிலிருக்கும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி இலையை மஞ்சளாக்கும். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வெள்ளீயச் சுரங்க மணல் சுத்தமாக இருக்கும். ஆனால் துளியும் ஈரம் பிடிக்காது, சத்தும் கிடையாது. தனியாகப் போடாமல் செங்கல்லோடு சேர்த்துப் போட்டால் சரி. கடல் மணல் கூடவே கூடாது.

அந்திங் புத்ரிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சாடி மண்ணை மாற்ற வேண்டியிருக்கும். ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே குளம்போல நின்றால் வேர் நிறைந்துவிட்டது என்று பொருள். அடித்துளையில் வேர் எட்டிப் பார்ப்பதும் அதே செய்திதான்.

வேலைக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். ஈரமான வேர்க்கட்டி கையோடு பிய்ந்துவரும். புதுச் சாடியின் துளைகள்மீது பிளாஸ்டிக் வலைத்துண்டு வைத்து, மரத்தைக் கட்டுவதற்கான 1.5 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியைத் துளை வழியே கீழிருந்து மேலே கோத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் செய்யாமல் மரத்தைப் பிடுங்கிவிட்டால், வேர் வெயிலில் காயக் காயக் கம்பியைத் தேடி வீட்டுக்குள் ஓட வேண்டி வரும். மரத்தை நிழலில் வைத்து எடுத்து, சாப்ஸ்டிக் குச்சியால் வெளியிலிருந்து உள்நோக்கிப் பழைய மண்ணைச் சீவி இறக்குங்கள். நேராகக் கீழே போகும் தடித்த வேரை வெட்டலாம். மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். கறுத்து, நசுக்கினால் தோல் கழன்று வரும் வேர் அழுகியது; அதை முழுதாக எடுத்துவிடுங்கள்.

மரத்தை உட்கார வைத்து, கம்பியால் ஆடாமல் கட்டுங்கள். காற்றில் ஆடும் மரத்தில் புதிதாக விடும் மயிர்வேர் ஒவ்வொரு முறையும் அறுந்துபோகும். கலவையைக் கொட்டிக் குச்சியால் குத்திக் குத்தி வேர்களுக்கு இடையிலுள்ள இடத்தை நிரப்புங்கள். கையால் அமுக்கக் கூடாது. ஒழுகும் நீர் தெளிவாக வரும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் அரைநிழலில் வையுங்கள். ஐந்து வாரத்துக்கு உரம் வேண்டாம்.

வெட்டிய அளவு வேர் குறைந்திருப்பதால் இலையும் குறைய வேண்டும். சாடி மாற்றிய அன்றே இலைகளில் பாதியையாவது கத்தரித்துவிடுவது நல்லது. அன்றே கம்பி சுற்றி வளைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

இலை உருவுதல்

இனிதான் முக்கியமான வேலை. ரப்பர் தானே செய்வதைச் சாடியிலுள்ள மரத்துக்கு நாம் செய்ய வேண்டும். சாடிச்செடி தினமும் தண்ணீர் குடிப்பதால் அதற்கு வறட்சி தெரிவதில்லை. பழைய இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இலை தடித்து, கரும்புள்ளி விழுந்து, உள்கிளைகளுக்கு வெயில் போகாமல் மறைக்கும். வெயில் படாத உள்கிளை காயும். மரம் வெளிவிளிம்பில் மட்டும் பச்சையாகவும் உள்ளே வெறுங்குச்சியாகவும் ஆகிவிடும். எல்லா இலையையும் ஒரே நாளில் எடுத்தால் காம்படி மொட்டுகள் ஒரே சமயத்தில் விழிக்கும், அடுத்து வரும் இலை சிறுத்திருக்கும், கிளை இரட்டிக்கும், அந்திங் புத்ரியில் அந்தப் புதுக் கொழுந்திலேயே பூவும் வரும்.

எப்போது செய்வது என்று பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. தோட்டத்து ரப்பர் இலை கொட்டி முடித்துத் தளிர் விடும் வாரம்தான் முதல் உருவலுக்கு நல்ல அடையாளம். பெரும்பாலும் அது பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். வெயில் நன்றாக இருக்கும், பின்னாலேயே ஏப்ரல் மழை வரும். துளிர் வளர இதைவிட வசதி இல்லை. வலுவான மரமானால் ஆண்டுக்கு இரண்டு முறை தாங்கும். மூன்றாவது முறை பேராசை. பண்டிகைக்குப் பூக்க வேண்டும் என்றால் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். உருவிய மூன்று முதல் ஐந்து வாரத்தில் மொட்டு விரியும். ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டுக்கு மார்ச் 10 வாக்கிலும், பொங்கலுக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்திலும் உருவினால் சரியாக வரும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் சில நாள் தள்ளிப்போகும்.

எந்த மரத்துக்குச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். கடந்த மூன்று மாதத்தில் சாடி மாற்றி வேர் வெட்டிய மரம், பூச்சி பிடித்த மரம், நுனியில் புதுக்கொழுந்து ஓடாமல் சோர்ந்திருக்கும் மரம், நர்சரியிலிருந்து நேற்று வந்த மரம். இவற்றுக்கு இலைதான் சோறு. சாடி மாற்றும் அன்றைக்குப் பாதி இலை எடுப்பது வேறு கணக்கு. இங்கே பேசுவது முழுதாக மொட்டையடிப்பது. புளிக்கும் முழு உருவல் தேவையில்லை. வெயில் காலத்தில் தானே கொஞ்சம் கொட்டிக்கொள்ளும். நீண்ட கிளைகளைக் குறைத்து வெட்டினாலே போதும்.

உருவுவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு தடவை உரம் போடுங்கள். அடுத்த துளிருக்கான சத்தை மரம் அதற்குள் சேர்த்துக்கொள்ளும். உருவும் நாள் மழையில்லாத காலையாக இருக்கட்டும். கத்தரிக்கோலைக் கிருமி நீக்கும் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வோர் இலையையும் காம்பில் வெட்டுங்கள், காம்பில் ஒரு துளி கிளையிலேயே ஒட்டியிருக்கட்டும். அந்த இடுக்கில்தான் அடுத்த மொட்டு உட்கார்ந்திருக்கிறது. அவசரத்துக்குக் கையால் கீழ்நோக்கிப் பறித்தால் பட்டையோடு மொட்டும் உரிந்துவரும். அந்தக் கணு அதோடு குருடாகிவிடும். விட்ட காம்புத் துண்டு ஒரு வாரத்தில் தானே மஞ்சளாகி உதிரும். இலை முடிந்ததும் ஒவ்வொரு கிளையின் நுனிக் கொழுந்தையும் கிள்ளிவிடுங்கள். நுனி இருக்கும்வரை கீழ்மொட்டுகள் விழிக்காது.

வெட்டிய இடமெல்லாம் பால் சொட்டும். ரப்பர்ப் பால்வெட்டுக் குடும்பத்தாருக்கு இது புதிதில்லை. ஆனாலும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் மென்மையானவர்களுக்கு அரிக்கவும் செய்யும். ஈரத்துணியால் ஒற்றினால் சிறிது நேரத்தில் நின்றுவிடும். கத்தரிக்கோலில் உறைந்த பாலைச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் போகும்.

பாதியில் நிறுத்தாதீர்கள். ஒரு கிளையில் பத்து இலையை அழகுக்காக விட்டுவைத்தால் சாறு முழுவதும் அந்தக் கிளைக்கே ஓடும். மொட்டையான மற்றக் கிளைகள் துளிர்க்கத் தாமதமாகி, சில காய்ந்தும்விடும். எடுத்தால் மரம் முழுக்க எடுங்கள். ஒரு கிளை மட்டும் மற்றவற்றைவிட மிக மெலிந்திருந்தால், அதை மட்டும் தொடாமல் விடலாம். வேண்டுமென்றே அதற்குத் தீனி கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு வரும் இரண்டு வாரத்தில்தான் அதிகம் மரங்கள் போகின்றன. இலை இல்லாத மரம் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. நேற்றுவரை இரண்டு வேளை ஊற்றிய கை இன்றும் அதே பழக்கத்தில் ஊற்றும், வேர் ஊறி அழுகும். சாத்தே குச்சியைத் திரும்ப எடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஊற்றினாலே போதும் என்பது தெரியும். தொடர்மழை வந்தால் கூரை விளிம்புக்குள் நகர்த்துங்கள். மற்ற நேரத்தில் நல்ல வெயில் படட்டும். வெறுங்கிளையில் வெயில் விழுந்தால்தான் உள்மொட்டுகள் விழிக்கும்.

ஏழெட்டு நாளில் கணுக்களில் பச்சைப் புள்ளி தெரியும். இரண்டாம் வாரத்தில் கொழுந்து நீளும். அப்போது கை துறுதுறுக்கும்; கிள்ளாதீர்கள், கிள்ளினால் பூ போய்விடும். பூத்து முடிந்த பிறகு ஒவ்வொரு கொழுந்தையும் ஒரு சோடி இலை மட்டும் நிற்கும்படி வெட்டுங்கள்.

வெட்டும் கம்பியும்

மீதி நாட்களில் வெட்டு எளிது. கொழுந்து ஆறு முதல் எட்டு இலைவரை ஓடட்டும், பிறகு இரண்டு இலைக்குக் குறையுங்கள். மரத்தின் பலமெல்லாம் உச்சிக்கே போகும்; எனவே உச்சியை அடிக்கடி ஒட்ட வெட்டி, கீழ்க்கிளைகளை நீள விட வேண்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கைக்கு எட்டும் கீழ்க்கிளையைச் சீராக வெட்டிவிட்டு உச்சியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டில் கீழே ஒன்றும் மிஞ்சாது. ஒரு கிளை தடிக்க வேண்டுமானால் அதை வெட்டாமல் ஒரு முழ நீளத்துக்கு ஓட விடுங்கள். நீள ஓடும் கிளைதான் தடிக்கும். வெட்ட வெட்டத் தடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பி கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். 1, 2, 3 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி மூன்றும் கையில் இருந்தால் தொடக்கத்துக்கு நிறைவு. 45 பாகைச் சாய்வில், பட்டையை ஒட்டி, நெரிக்காமல் சுற்றுங்கள். வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் கம்பி இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே பட்டை கிழியும். குளிர்நாட்டுக் குறிப்புகளில் கம்பியை ஆறு மாதம் விடச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் ஆண்டு முழுக்க வளர்ச்சி ஓடுவதால் ஆறேழு வாரத்திலேயே பட்டைக்குள் புதையத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். எடுக்கும்போது சுற்றைத் திருப்பி அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். கம்பி விலையைவிடக் கிளை பெரிது.

உரமும் பூச்சியும்

15-15-15 கலப்பு உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) 25 சென்டிமீட்டர் நீளச் சாடிக்கு அரைத் தேக்கரண்டி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அடிமரத்தைத் தொடாமல் விளிம்போரமாக. அவ்வளவே. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) போடும் உரத்தில் ஒரு கைப்பிடி கிடைத்தது என்று கொண்டுவந்து போடுவது தோட்டப் பட்டணங்களுக்கே உரிய விபத்து. அந்தச் சிவப்புப் பொட்டாஷ் தரையில் தாராளமாக வேர் பரப்பிய மரங்களுக்கானது. இரண்டு கை மண்ணுள்ள சாடியில் அந்த உப்பு வேரிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். இரண்டு நாளில் இலை விளிம்பு தீய்ந்துபோகும். தெரியாமல் போட்டுவிட்டால் மணிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சாடி வழியே ஐந்தாறு வாளித் தண்ணீரை ஓடவிட்டு அலசுங்கள்.

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் கிளை இடுக்கில் உட்காரும். அதற்கு முன்பே எறும்பு வரிசை ஏறும்; எறும்பைக் கண்டால் பூச்சியைத் தேடுங்கள். கொஞ்சமாக இருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்; ஒரு வாரம் கழித்து மறுமுறை. நண்பகலில் தெளித்தால் எண்ணெயோடு இலை வெந்துவிடும். புகைமூட்டம் சூழ்ந்த நாட்களில் இலைமேல் படியும் தூசியை வெறும் தண்ணீரால் கழுவிவிட்டால் போதும்.

மரம் செத்ததா என்று பார்ப்பது

இலையெல்லாம் கொட்டிப்போன மரத்தை உடனே குப்பையில் போடாதீர்கள். மெல்லிய கிளை ஒன்றின் பட்டையை நகத்தால் ஒரு மில்லிமீட்டர் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அதைவிடத் தடித்த கிளைக்கு இறங்கி வாருங்கள், கடைசியாக அடிமரம். எங்கே பச்சை தொடங்குகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, வேரைத் திறந்து அழுகலை நீக்கி, வெறும் செங்கல் மணியும் மணலும் உள்ள கலவையில் நடுங்கள். மரத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். உரம் வேண்டாம், தினமும் தண்ணீரும் வேண்டாம். அந்திங் புத்ரி ஆறு வாரம் கழித்தும் துளிர்ப்பதுண்டு. அது வராமலே போனாலும் வெட்டி எடுத்த வேர்களில் பென்சில் பருமன் உள்ளவற்றை எறியாதீர்கள். 10 சென்டிமீட்டர் துண்டாக, மேல்நுனி ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி மணலில் ஊன்றி ஈரமாக வைத்தால், அந்த வேர்த்துண்டுகளே புதுக் கன்றுகளாக முளைக்கும்.